ஐசியு வாசலுக்கு நாங்கள் போகுமுன் சொல்லுங்கள்: மறைமாவட்ட ஆயருக்கும் குருக்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆயர் அவர்களுக்கும், நம் மறைமாவட்டத்தின் பங்குத்தந்தையர் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

என் அம்மாவின் முப்பதாம் நாள் பூசை போன செவ்வாய்க்கிழமை முடிந்தது. அன்று இரவே எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இன்றுதான் எழுத முடிந்தது.

நான் பத்தொன்பது வருடமாக எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள். ஏழு அருட்சாதனங்களையும் பிள்ளைகள் விரல் மடக்கிச் சொல்லும்வரை விடமாட்டேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சாகும் தறுவாயில் எந்தச் சிகிச்சை கடமை, எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்று திருச்சபை சொல்லியிருப்பது அப்படிப்பட்ட எனக்கே தெரியாமல் போனது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அம்மாவின் கடைசி நாட்களில் நடந்தது உங்கள் காதுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். பங்குப் பேரவையில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்து அமுங்கியதும் தெரிந்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு ராத்திரியை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. இரண்டு வருடமாகவே நுரையீரல் சுருங்கிக்கொண்டு வந்தது. கடைசி ஆறு மாதம் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் இருந்தார்கள். அன்று மூச்சிரைப்பு தாங்காமல் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ராத்திரி ஒன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார்: "வென்டிலேட்டர் போடலாம். ஆனா நுரையீரல் இனி தேறாது, போட்டா எடுக்கவே முடியாம போகலாம். வேண்டாம்னா, மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து கொடுப்போம், நீங்க பக்கத்துலயே இருக்கலாம். கொஞ்ச நேரத்துல சொல்லுங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். "நீதானே கோயில் காரியமெல்லாம் தெரிஞ்சவ, சொல்லு" என்றான்.

பங்கு இல்லத்துக்கு போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மூன்று தடவை. பிறகு செபக்குழுவில் மூத்தவரான ஒரு அக்காவை எழுப்பிக் கேட்டேன். "டீச்சர், வேண்டாம்னு மட்டும் கையெழுத்துப் போட்டுராதீங்க. அது சாவான பாவம். உயிரைக் கொடுத்தவர்தான் எடுக்கணும்" என்றார்கள். நான் போய் வென்டிலேட்டர் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அக்கா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத் தெரியாதது அவர்களுக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அதன்பின் ஒன்பது நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருவர் மட்டும், ஐந்து நிமிடம். இரண்டாம் நாள் நான் உள்ளே போனபோது அம்மாவின் இரண்டு கையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது. குழாயைப் பிடுங்கிவிடுவார்களாம். வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மெதுவாக உரசிக்கொண்டிருந்தன. நர்ஸம்மா, "மயக்கத்துல அப்படித்தான்மா அசையும்" என்றார். எனக்குத் தெரியும், அது மணி உருட்டுகிற விரல். என் பையில் செபமாலை இருந்தது. அதைக் கையில் வைக்க அனுமதி இல்லை. வெளியே வரும்போது ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார்கள். கம்மல் ஒரு சோடி, கத்தரியால் வெட்டி எடுத்த உத்தரியம், மாதா பெயரால் கழுத்தில் போடும் துணி. ஏழு வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய நாளிலிருந்து அம்மா கழுத்தைவிட்டு இறங்காத உத்தரியம் அது.

ஆறாம் நாள் சாமியார் வந்தார். வந்ததற்கு நன்றி. நெற்றியிலும், கட்டியிருந்த உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். வாயில் குழாய் இருந்ததால் நன்மை கொடுக்க முடியவில்லை. மயக்கத்தில் இருந்ததால், பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் இல்லை. மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்த ஒரு மனுஷி, தேவைப்பட்ட ஒரே வெள்ளிக்கிழமையில் வாய் திறக்க முடியாமல் கிடந்தார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்பு வீட்டில் அம்மா சொன்னது இது: "எனக்கு இனி ஆஸ்பத்திரி வேண்டாம்ளா. நான் சூசையப்பர் படத்துக்குக் கீழ கிடக்கேன். சாமிய மட்டும் ஒருக்கா வரச் சொல்லு." வீட்டு நோயாளிகளுக்கு முதல் வெள்ளியன்று நன்மை கொண்டு வருவது எங்கள் பங்கில் அப்போது இரண்டு மாதமாக நின்றிருந்தது. திருவிழா வேலை. நானும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். அண்ணனோ, "இப்பவே சாமியார வரச் சொன்னா அம்மா பயந்துருவாங்க, அவஸ்தை கொடுக்க வந்துட்டாங்கன்னு நினைப்பாங்க" என்று தடுத்தான். சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசும் சடங்கைத்தான் எங்கள் ஊரில் அவஸ்தை என்போம். அவனைக் குறை சொல்லி என்ன? இறுதிப் பூசுதல் என்று சொல்வதைவிட நோயில்பூசுதல் என்பதே பொருத்தம், அது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொன்னது. அதற்கான புதிய சடங்குமுறையை திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் கொடுத்தார். எங்கள் தெருவில் இன்றைக்கும் அதன் பெயர் அவஸ்தைதான்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், வீட்டு அலமாரியில் இருந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்தேன். 2278ஆம் எண். நோயாளிக்குப் பெருஞ்சுமையாக, ஆபத்தாக, அசாதாரணமானதாக, கிடைக்கக்கூடிய பலனுக்குப் பொருந்தாததாக உள்ள சிகிச்சையை நிறுத்துவது முறையானதாக இருக்கலாம் என்கிறது. சாவை வரவழைப்பது அங்கே நோக்கமல்ல, அதைத் தடுக்க நம்மால் இயலாது என்று ஏற்றுக்கொள்வதுதான் என்கிறது. முடிவெடுக்க வேண்டியவர் நோயாளி. அவரால் முடியாதபோது, அவர் விருப்பத்தை மதித்து, அதற்கு உரிமை உள்ளவர்கள். அடுத்த எண்ணில், வழக்கமான பராமரிப்பை நிறுத்தக் கூடாது என்பதும், வலியைத் தணிக்கும் மருந்து சாவை நோக்கமாகக் கொள்ளாதவரை குற்றமில்லை என்பதும் இருக்கிறது.

அன்று நான் வாசித்தது அரைப் பக்கம். அம்மா கிடந்தது ஒன்பது நாள்.

பிறகு தேடித் தேடி வாசித்தேன். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பரில் மயக்க மருந்து மருத்துவர்களிடமே இதைப் பேசியிருக்கிறார், செயற்கைச் சுவாசக் கருவியைப் பற்றியே. கடமையானவை சாதாரண வழிகள், அசாதாரண வழிகளுக்கு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று. 1980 மே மாதம் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, குடும்பத்தின் மேல் அளவுமீறிய செலவைச் சுமத்த வேண்டாம் என்று ஒரு நோயாளி நினைப்பதைக்கூட நியாயமான காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அண்ணன் அந்த ஒன்பது நாளுக்காக அண்ணியின் நகையை வங்கியில் வைத்தான். 2020 செப்டம்பரில் அதே பேராயத்திடமிருந்து வந்த 'சமாரித்தானுஸ் போனுஸ்' மடலும் இதையே விரித்துச் சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2005இல் தம் கடைசி நாட்களில் மருத்துவமனைக்குத் திரும்பவில்லை. தம் அறையிலேயே, பக்கத்தில் பூசை நடக்க, செபம் நடக்க, ஏப்ரல் 2 அன்று இறந்தார். ஒரு திருத்தந்தைக்குப் பாவமில்லாத வழி என் அம்மாவுக்கு எப்படிப் பாவமாயிற்று?

நான் கருணைக்கொலை கேட்கவில்லை. அது கொலைதான் என்ற போதனையில் எனக்குச் சந்தேகமே இல்லை. உணவையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லவில்லை. நினைவு திரும்பாமல் கிடப்பவருக்குக்கூட அவற்றைக் கொடுப்பது பொதுவாகக் கடமை என்று உரோமை 2007இல் தெளிவாக்கியதையும் வாசித்தேன், ஏற்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: திருச்சபை ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பதை எங்களிடம் சொல்லுங்கள். ஐசியு வாசலுக்கு நாங்கள் போகுமுன் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் தயாரிப்பு வகுப்பு வைக்கிறோம், வராவிட்டால் பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிப்பதில்லை. புதுநன்மைக்கு வகுப்பு, உறுதிப்பூசுதலுக்கு வகுப்பு. எல்லாருக்கும் தவறாமல் வருகிற ஒன்றே ஒன்றுக்குத்தான் வகுப்பில்லை. கல்லறைக் குழிக்குப் போனால் சந்தா பாக்கி இல்லை என்ற சீட்டைக் கேட்கிறார்கள். கோபுரத்தை உயர்த்த வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டோம், அம்மா தன் முதியோர் பென்ஷனிலிருந்து கொடுத்தார்கள். திருவிழாப் பத்து நாளும் மைக் ராத்திரி பதினொரு மணிவரை ஓய்வதில்லை. அதே மைக்கில், பத்து நாள் மறையுரையில், ஒரு பத்து நிமிடம் இதற்குக் கிடைக்கவில்லை. ஒரு செபமாலையில் ஐம்பத்து மூன்று தடவை "எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று சொல்கிறோம். மாதா வருவார்கள் என்று நம்புகிறேன். அந்த நேரத்தில் பங்கிலிருந்து போனை எடுக்க ஒரு ஆளாவது வேண்டாமா, தந்தையரே?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது, மன்னியுங்கள். சாமியார்களின் சிரமமும் தெரியும். ஒரே சாமியார் கிளைக் கிராமங்களையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துப் பார்க்கிறார், அவருக்கும் தூக்கம் வேண்டும். அதனால்தான் செய்ய முடிந்ததைக் கேட்கிறேன்.

பிப்ரவரி 11 நோயாளர் உலக நாள். 2002இல் அதன் உலகக் கொண்டாட்டமே நம் வேளாங்கண்ணியில்தான் நடந்தது. அன்றைக்கோ, மார்ச் 19 சூசையப்பர் திருநாளிலோ, நவம்பர் 2 கல்லறைத் திருநாளிலோ, ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பங்கிலும் பீடத்திலிருந்து இந்தப் போதனையைச் சொல்லச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். எது கடமை, எது கடமையில்லை, வலி தணிக்க மார்ஃபின் கொடுப்பது கொலையா இல்லையா, வீட்டில் சாக ஆசைப்படுவது அவநம்பிக்கையா. எங்கள் பாஷையில், ஒரே தாளில் எழுதி, பங்கில் வீடுகள் சேர்ந்து கூடும் அன்பியங்களுக்குக் கொடுங்கள். நாங்கள் வாசித்துக்கொள்வோம். முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ விருப்பப் பத்திரத்தை உச்சநீதிமன்றம் 2018இல் ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. அதில் ஒரு கத்தோலிக்கர் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் பேசாவிட்டால் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் சொல்வார்கள்.

நோயில்பூசுதலைக் குரு மட்டுமே கொடுக்க முடியும். ஆனால் சாகும் தறுவாயில் கொடுக்கும் நன்மையான வழியுணவை, அவசரத்தில், நன்மை வழங்க அனுமதி பெற்ற பொதுநிலையினரும் கொண்டுபோகலாம் என்று திருச்சபைச் சட்டம் 911 இடம் கொடுக்கிறது. எங்கள் பங்கில் அப்படி ஆறு பேர் இருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் வரிசையைக் குறைக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம். முதல் வெள்ளி நின்றுபோன அந்த இரண்டு மாதமும் அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள்.

வலி தணிக்கும் பராமரிப்புக்கு எங்கே போவது என்பதையும் பங்கு அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1993இலேயே கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை, இன்று ஊர் ஊராக வீட்டுக்கே போகிறது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கு நர்ஸ் வரும் ஏற்பாடு உண்டு. இதுவும் அம்மா போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன ஞாயிறு மறைக்கல்வி முடிந்து பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்து வளர்ந்த ஒரு பையன், இப்போது மீன் ஏலக்கடையில் கணக்கு எழுதுகிறவன், வாசலில் நின்றான். அவன் அப்பாவுக்குப் புற்றுநோய், ஈரல்வரை பரவிவிட்டது. "டீச்சர், அப்பா போதும்ங்காரு. ஐசியு வேண்டாம், மெஷின் வேண்டாம், வீட்டுக்குப் போவோம்ங்காரு. நாங்க சரின்னு சொன்னா பாவமா?" என்று கேட்டான். நூலைப் பிரித்து 2278ஐ வாசித்துக் காட்டினேன். அவனே ஒருமுறை வாசித்தான். பிறகு, "நீங்க சொன்னா அக்காமார் கேக்கமாட்டாங்க டீச்சர். இதைச் சாமி சொல்லுவாங்களா?" என்றான்.

அவன் அப்பா இன்னும் வீட்டில்தான் இருக்கிறார், நினைவோடு இருக்கிறார், நன்மை வாங்க முடிகிறது. வீடு கோயிலிலிருந்து நான்காவது தெரு. ஒரு சாமியாரை இந்த வாரமே அங்கே அனுப்பி வையுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டவரில் உங்கள் மகள்,
மறைக்கல்வி ஆசிரியை