கிட்டாரில் கையெழுத்து வாங்கப் போகிறீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக் கிட்டார் கலைஞர்களை நேரில் சந்தித்த ரசிகர்களின் நினைவுகளை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். பலர் கிட்டாரிலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லக் காணோம். பழுது பார்க்க வருகிற கிட்டார்களில் அது பெரும்பாலும் பாதி அழிந்துதான் இருக்கிறது. அடுத்த கச்சேரிக்குப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பார்க்க எடுப்பாக இருக்கும் என்று கிட்டாரின் உடல்பகுதியான பாடியின் மேல் விளிம்பில்தான் எல்லோரும் எழுதச் சொல்கிறார்கள். வாசிக்கும்போது முன்கை உரசுகிற இடமும் அதுவே. நம் ஊர் வியர்வைக்கு அங்கே எந்த மையும் நிற்காது. அதைவிட, ஒரு உதிரி பிக்கார்டு (பாடியின் முன்பக்கம் திருகி மாட்டும் பிளாஸ்டிக் தகடு) வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவது புத்திசாலித்தனம். கூட்டத்தில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரபல எலெக்ட்ரிக் கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக்கு வாங்கினால் திருகு ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள். இப்போதைய மாடல்களுக்கு 11, ஐம்பதுகளின் மாடலுக்கு 8. ஒன்று மற்றதில் உட்காராது.

புது பிக்கார்டின் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் நீட்டினால் கையெழுத்து தாளின் மேல்தான் விழும். பின்னால் என்றோ ஒருநாள் ஓரம் கிளம்பும், தாளோடு கையெழுத்தும் போகும். இப்படி இழந்தவர்கள் நிறையப் பேர். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்து, முந்தைய நாளே உரித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டும்போது தந்திகளைக் கழற்றி, தந்தி அதிர்வை மின் ஒலியாக்கும் பிக்கப்புகள், மூன்று குமிழ்கள், ஐந்து நிலை ஸ்விட்ச் எல்லாவற்றையும் ஒன்றாகவே புதுத் தகட்டுக்கு மாற்றலாம், சால்டரிங் தேவையில்லை. கேபிள் செருகும் ஜாக்குக்குப் போகும் ஒயர்களும் பின்பக்க ஸ்பிரிங் பிடிக்குப் போகும் எர்த் ஒயரும் குட்டையானவை. தகட்டை வெடுக்கென்று தூக்கினால் இவைதான் அறும்.

பேனா விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண பெர்மனன்ட் மார்க்கரின் மை ஆல்கஹாலில் கரையும். சானிடைசர் தடவிய கையால் தொட்டாலே இழுவிவிடும், வெயில் பட்டால் வெளிறும். எண்ணெய் சார்ந்த பெயிண்ட் மார்க்கர்தான் சரி. வெள்ளைத் தகட்டுக்குக் கறுப்பு, கறுப்புக்கு வெள்ளி. மூடியைத் திறக்காமல் உள்ளே குண்டு கடகடக்கும்வரை குலுக்கி, பிறகு காகிதத்தில் முனையை நாலைந்து முறை அழுத்தி மை இறங்கிய பிறகே கலைஞர் கையில் கொடுங்கள். புதுப் பேனாவின் முதல் அழுத்தலில் சொட்டு விழுவது சகஜம். அது உங்கள் தகட்டில் விழக் கூடாது. எழுதியதும் பத்து நிமிடமாவது யாரும் தொடக் கூடாது. செல்ஃபி மோகத்தில் இதைத்தான் மறக்கிறார்கள்.

பாலிஷ் போட்ட பரப்பில் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். எழுதும் முன்பே லைட்டர் பெட்ரோலைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும். தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். ஏசி காரிலிருந்து இறங்கி நேராக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புழுக்கத்தில் கிட்டாரை எடுத்தால் அதன்மேல் ஈரம் பூக்கும், அதில் எழுதிய மை பரவும். அரை மணி நேரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பாடியில்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. பாலியூரித்தேன் பூச்சு தாங்கும். பழைய கிப்சன் கிட்டார்களில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்குள் மையின் கரைப்பான் இறங்கிவிடும், பிசகினாலும் பிறகு மையை எடுக்கவே முடியாது. பாதுகாப்புக்கு என்று மேலே லாக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சை ஸ்பிரே அடித்து, கையெழுத்து ஒழுகிப் போனவர்களும் உண்டு.

கிடைப்பது அரை நிமிடம். அதை ‘நான் உங்கள் தீவிர ரசிகன்’ என்பதிலேயே கரைக்காமல், கலைஞரின் கைகளைக் கவனியுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள். குயீன் குழுவின் பிரையன் மே, தந்தியை மீட்டும் சிறு பிளாஸ்டிக் துண்டான பிக்குக்குப் பதில் பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். தன் கிட்டாரை 1963-இல் தொடங்கித் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தவர். பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தபின், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த, கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவிடம் கமகத்துக்கு எந்தக் கன தந்தி, எங்கே இழுப்பு, எங்கே சறுக்கல் என்று கேட்கலாம். நிகழ்ச்சிக்கு முன் கையை இறுக்கிக் குலுக்காதீர்கள், அந்தக் கைதான் அவர்களுக்குப் பிழைப்பு.

நிகழ்ச்சி அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘மீட் அண்ட் கிரீட்’ என்று தனிக் கட்டணம் வாங்குகிறவர்கள், வரிசை முடிகிற இடத்தில் ஒரு நீள மேஜையாவது போடலாம். ஈரக் கையெழுத்தைக் காய வைக்க இடமில்லாமல் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரசிகர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் பழுதுபார்ப்பாளர்,
பெரம்பூர், சென்னை.