தௌதௌவுக்குப் பின் வருகிற பையன்களுக்காக: உலக ரக்பிக்கு ஒரு திறந்த மடல்

டப்ளினில் இருக்கும் உலக ரக்பி அமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2003 உலகக் கோப்பையில் சிட்னியில் நடந்த பிஜி - ஸ்காட்லாந்து ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பிஜிக்காக இடது விங்கில், அதாவது கோட்டோரமாக ஓடும் இடத்தில், ஆடியவர் ருபேனி தௌதௌனிம்புதா, சுருக்கமாகத் தௌதௌ. (ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கௌகௌ' என்று படித்துவிடுகிறார்கள். பிஜி மொழியில் c என்ற எழுத்துக்குத் 'த' ஓசை.) பிரான்ஸ் வீரர் ஒருவரைக் குத்தியதற்காக இரண்டு ஆட்டம் தடை வாங்கி, அப்போதுதான் திரும்பியிருந்தார். அன்றைக்குப் பிஜி போட்ட இரண்டு ட்ரையும் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அவருடையவை. கோட்டோரமாக ஓடினார், துரத்தியவர்கள் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான். கடைசி நேர ட்ரையில் ஸ்காட்லாந்து 22-20 என்று தப்பித்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் இன்றைக்கும் பேசப்படுவது அவருடைய ஓட்டம்தான்.

அடுத்த ஆண்டு பிரான்சின் அஜான் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. ஆறு ஆண்டுகள் அங்கே, அப்புறம் ஒரு ஆண்டு துலூஸில். பிஜி நாட்டு அணிக்காக அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் பத்தைத் தொடாது. ஊருக்குப் போனால் சொன்ன நாளில் திரும்பமாட்டார் என்று கிளப் புலம்பியது. கஞ்சா சோதனையில் மாட்டித் தடையும் வாங்கினார். தப்பே செய்யாதவர் என்று நான் வாதாட வரவில்லை. சம்பாதித்ததில் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பணம் எங்கே போகிறது? பிஜியில் 'கேரேகேரே' என்று ஒரு வழக்கம் உண்டு. உறவினர் ஒருவர் வந்து கேட்டால், இருக்கிறவர் இல்லை என்று சொல்லக் கூடாது. படகுக்கு எஞ்சின், வீட்டுக்குத் தகரக் கூரை, தேவாலயத்துக்குக் காணிக்கை, தங்கை பிள்ளையின் பள்ளிக் கட்டணம். இதை ஊதாரித்தனம் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. வெளிநாட்டுக்கு ஆடப் போகிற பையனை வளர்த்ததே அவனுடைய கிராமம்தான்.

சிக்கல், இந்த வழக்கம் பிரெஞ்சு வரிச் சட்டத்தோடு மோதும் இடத்தில். பிரான்சில் 2019 வரை வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடிப்பதில்லை. இந்த ஆண்டு வாங்கியதற்கான வரியை அடுத்த ஆண்டு கேட்பார்கள். இருபது வயதுப் பையனுக்கு முழுச் சம்பளம் வங்கியில் விழும், அவனும் ஊருக்கு அனுப்பிவிடுவான். வரி கேட்டுக் கடிதம் வரும்போது அந்தப் பணம் கூரையாகவும் எஞ்சினாகவும் மாறியிருக்கும். வரிப் பிடித்தம் இப்போது மாறிவிட்டது, சரி. ஆனால் கையெழுத்துப் போடும் அன்று இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல ஆள் வேண்டுமே. ஒப்பந்தம் பிரெஞ்சில் இருக்கிறது. விளக்கிச் சொல்கிறவர் ஏஜென்ட். அந்த ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் கிளப்.

பையன்களின் வயதும் குறைந்துகொண்டே போகிறது. உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள் இத்தனை பேர் அணியில் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு லீக் விதி வைத்தது. மூன்று சீசன் பயிற்சி மையத்தில் இருந்தால் பிஜிப் பையனும் அந்தக் கணக்கில் வருவான். ஆகவே பதினெட்டு வயதிலேயே கொத்திக்கொண்டு போகிறார்கள். பிரான்சின் கிளர்மோன் கிளப் பிஜியின் நந்த்ரோங்கா மாகாணத்திலேயே அகாடமி நடத்தியது. அந்த வழியாகப் போன நோவா நகாய்தத்தி கடைசியில் பிரான்ஸ் சட்டை போட்டுத்தான் ஆடினார்.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 1903இலிருந்து எங்கள் ஊர்க்காரர்களும் மதராசில் கப்பல் ஏறிப் பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அக்ரிமென்ட் என்ற சொல்தான் அங்கே 'கிர்மிட்' ஆனது. புரியாத மொழிக் காகிதத்தில் கைநாட்டு வைத்த கதை அது. கரும்புக் கூலியையும் யூரோ சம்பளத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இருந்தாலும், புரியாத காகிதம் என்றதும் எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நீங்கள் நல்லதே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2022இல் பிஜியின் டிரூவா அணி, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அணிகள் ஆடும் சூப்பர் ரக்பி தொடரில் சேர்ந்ததும் ஊரில் இருந்தபடியே சம்பளம் வாங்கி ஆட வழி பிறந்தது. மறு ஆண்டே பிஜி ட்விக்கனத்தில் இங்கிலாந்தை 30-22 என்று வென்றது, உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22-15 என்று சாய்த்தது. ஆனால் டிரூவா ஒரே ஓர் அணி. மிச்சப் பையன்கள் விமானம் ஏறத்தான் போகிறார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிஜியில் ஒரு பையன் முதல் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அதைப் பிஜி மொழியில் வரிவரியாக வாசித்துக் காட்ட ஒருவரை அனுப்புங்கள். அவனுடைய அப்பாவும் அம்மாவும் கூட இருக்கட்டும். வரி எவ்வளவு, முழங்கால் போனால் என்ன, நாட்டுக்கு ஆடக் கூப்பிட்டால் கிளப் தடுக்கலாமா என்று அவர்கள் கேட்கட்டும். வாசிப்பவருக்கான கூலியைக் கிளப்பும் தரக் கூடாது, ஏஜென்ட்டும் தரக் கூடாது. நீங்கள் தாருங்கள்.

இப்படிக்கு,
2003இல் அந்த ஓட்டத்தைப் பார்த்து ரக்பிக்கு வந்த ஒரு ரசிகன்