‘செட்’ என்றால் ‘வை’ மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பின் மாணவர் பக்கத்தில் ‘வாரம் பத்துச் சொல்’ பகுதியைப் படித்தேன். நான்காவது சொல் ‘செட்’. அதற்கு எதிரே ‘வை’ என்று போட்டிருந்தது. அதோடு விட்டிருந்தால் நானும் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “இந்த ஒரு பொருளை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், எந்த இடத்திலும் பொருந்தும்.” இரண்டு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதில் எல்லாவற்றையும் விட நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான் இருந்தது. வினைச்சொல்லாக மட்டும் சுமார் 430 பொருள்கள். விளக்கமும் மேற்கோளும் சேர்த்து சுமார் 60,000 சொற்கள். அப்புறம் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்திவிட்டது, 645 பொருள்களோடு. அந்த ஒரு வினைச்சொல்லைப் பிரித்து அடுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. அங்கே இப்படிப் பாடுபட்டுப் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் ஒற்றை எழுத்தில் முடித்துவிட்டோம்.

நான் 31 வருடம் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். கொத்தனார் மகன். ஆங்கில வகுப்பில் வாயே திறக்கமாட்டான். ஒரு நாள் ‘செட்’ என்றால் என்ன என்று கேட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் ‘வை சார்’ என்றார்கள். இவன் மட்டும் எழுந்து, “சிமென்ட் செட் ஆயிடும் சார், அதுக்குள்ள பூசிடணும்” என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் சொன்னது தப்பே இல்லாத ஆங்கிலம். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் இறுகத் தொடங்குவதற்குக் குறைந்தது 30 நிமிடம் ஆகவேண்டும், 600 நிமிடத்துக்குள் இறுகி முடியவேண்டும் என்று இந்தியத் தர விதியே இருக்கிறது. அந்த நேரக் கணக்குக்கும் பெயர் இந்தச் சொல்லை வைத்துத்தான். பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு அதை எழுதச் சொன்னேன். அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். மைக் செட், பம்ப் செட், பல் செட், செட் தோசை, சினிமா செட், அலாரம் செட் பண்றது. மணி அடிப்பதற்குள் பலகை நிறைந்துவிட்டது. கீழே இடம் இல்லாமல் கடைசி இரண்டையும் ஓரத்தில் செங்குத்தாக எழுதினோம். இவ்வளவையும் தெருவிலிருந்தே கொண்டுவந்த பிள்ளைகளிடம் ‘வை, அது போதும்’ என்று சொல்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சரி, இத்தனை பொருளையும் எப்படிச் சொல்லித்தருவது என்று தங்கள் பக்கத்தைத் தயாரிப்பவர் கேட்கலாம். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. ‘சிட்’ என்றால் அமர். ‘செட்’ என்றால் அமர்த்து. நம் தன்வினை, பிறவினைதான். ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து. ‘ரைஸ்’ எழு, ‘ரெய்ஸ்’ எழுப்பு. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் பாதி வழி வந்தாயிற்று. மோதிரத்தில் கல்லை அமர்த்துவது, முறிந்த எலும்பை அதன் இடத்தில் அமர்த்துவது, கலவை அமர்ந்து இறுகுவது, பொழுது மேற்கே அமர்வது எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். தொகுதி என்ற பொருளில் வரும் ‘செட்’ வேறு குடும்பம். லத்தீனில் ‘செக்டா’, ஒருவரைப் பின்பற்றுகிற கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பின்னால் இதோடு கலந்துபோனது. மைக் செட்டும், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமாக இருக்கிற கணமும் அந்தப் பக்கத்து உறவு. இதைச் சொல்ல எனக்கு ஒரு பாடவேளை போதுமாக இருந்தது.

என் அப்பா தச்சர். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளில் ரம்பத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பற்களை ஒன்று விட்டு ஒன்று இடப்பக்கமும் வலப்பக்கமும் லேசாகச் சாய்த்துவிடுவார். அப்படிச் செய்தால்தான் அறுக்கிற வாய் தகட்டை விட அகலமாக இருக்கும், ரம்பம் மரத்தில் சிக்காது. ஒவ்வொரு பல்லையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பார்ப்பார். அவர் போய் ஆறு வருடம் கழித்து, கல்லூரி நூலகத்தில் அகராதியைப் புரட்டியபோது, அந்தச் சாய்மானத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் ‘செட்’ என்று படித்தேன். அன்றைக்கு நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆங்கிலம் பெரிய மனிதர்களின் மொழி என்று நினைத்து வளர்ந்தவன் நான். அந்த மொழியில் என் அப்பாவின் வேலையும் இருந்தது.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும், இது தங்கள் செய்திப் பக்கத்தைப் பற்றியது. என் அக்காவுக்கு ஒரு வரப்புத் தகராறு. அவர் ஆஜராகாததால் முன்சீப் கோர்ட்டில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. அப்படித் தீர்ப்பானால் 30 நாளுக்குள் அதை ‘செட் அசைட்’ செய்யச் சொல்லி மனுப் போடலாம். வக்கீல் போட்டார். கோர்ட்டும் அக்காவுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. வக்கீல் அனுப்பிய ஆங்கிலச் செய்தியை அக்கா மகன் படித்துவிட்டு, “ஒதுக்கி வெச்சுட்டாங்களாம்மா” என்று சொல்லியிருக்கிறான். மனுவையே மூலையில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அக்கா இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை. நான் போய், “அக்கா, அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிட்டாங்க, இனிமே உன் பக்கத்தையும் கேப்பாங்க” என்று சொன்ன பிறகுதான் எழுந்து முகம் கழுவினார். பணத்தோடு வந்தால் ‘ஒதுக்கி வை’, தீர்ப்போடு வந்தால் ‘ரத்து செய்’. பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு ‘செட்’ என்றால் ‘வை’ என்றுதானே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இது நடந்த கொஞ்ச நாளில் தங்கள் நாளிதழிலேயே “கீழமை நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் ஒதுக்கி வைத்தது” என்று ஒரு செய்தி வந்தது. உடனே கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொன்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. இடப்பற்றாக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் 38 வருடமாகக் காலையில் கேட்டைத் திறந்து முதலில் தங்கள் பத்திரிகையைத்தான் கையில் எடுக்கிறேன். ‘கிடைத்தது’ என்று ஒரு அஞ்சலட்டை வந்திருந்தாலும் எனக்குப் போதும். அந்த மாணவர் பக்கத்திலும் முன்பெல்லாம் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வாக்கியம் வரும். பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டுவார்கள், நானே ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இப்போது வாக்கியம் போய்விட்டது. அந்த இடத்தில் ‘30 நாளில் ஆங்கிலம்’ என்ற விளம்பரம் இருக்கிறது.

நான் கேட்பது இரண்டுதான். “எந்த இடத்திலும் பொருந்தும்” என்ற அந்த வரிக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வாரம் பத்துச் சொல்லுக்குப் பதில் ஒரே ஒரு சொல்லை எடுத்து, அது எந்தெந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறதோ அப்படியே வாக்கியங்களாகக் கொடுங்கள். முதல் வாரத்துக்கு ‘செட்’ என்ற சொல்லுக்குப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதி, தமிழோடு, இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன். சன்மானம் வேண்டாம். என் பெயரும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், செய்யாறு