படிப்பக மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மன்றத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அறிவியல் கூட்டம் போட்டால் ஆள் வராது என்று போன பொதுக்குழுவில் சொன்னவன் நான்தான். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருந்ததால் பாம்பன் படிப்பகத் திண்ணை நிறைந்துவிட்டது.

நரம்புச் செல்லுக்குள் வேண்டிய பொருள்கள், அதாவது சரக்கு, எப்படிப் போய்ச் சேருகிறது என்று பேச வந்த கல்லூரி ஆசிரியை மேசைமேல் வைத்தது, நாட்டுப்படகில் வந்த ஓர் ஊசிக்கணவாய். அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் பருமன் வரை உள்ள நரம்பிழை உண்டு. தண்ணீரைப் பீய்ச்சிக் கணவாய் பின்னோக்கிப் பாய்வது அதனால்தான். "இத்தனை வருசம் அறுத்துக் கழுவுறேன், கண்ணுல பட்டதில்லையே" என்று ஒரு அக்கா முன்னால் வந்து பார்த்தார். அமெரிக்காவில் 1985-இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகியோர் கணவாய் நரம்பை ஆராய்ந்தபோதுதான் கினசின் என்ற சுமைதூக்கிப் புரதம் பிடிபட்டதாம்.

செல்லுக்குள் சரக்கு தானாக மிதந்து போய்ச் சேரும் என்றே நான் நினைத்திருந்தேன். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்புக்கு அது ஒத்துவராது. 25 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள நுண்குழல்களே அங்கே தடம். கினசின் இரண்டு காலால் அதன்மேல் நடக்கிறது. அடிக்கு 8 நானோமீட்டர், ஒவ்வோர் அடிக்கும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவு. சரக்கை நரம்பு முனைக்குக் கொண்டுபோவது கினசின். முனையிலிருந்து திரும்பக் கொண்டுவருவது டைனீன் என்ற இன்னொரு சுமைதூக்கிப் புரதம். வேகமான சரக்கு ஒரு நாளில் சுமார் 400 மில்லிமீட்டர் போகும்.

பிள்ளைகள் நங்கூரக் கயிற்றைத் தரையில் கிடத்தி, ஐஸ்பெட்டியைத் தலையில் ஏற்றி நடந்து காட்டினார்கள். பாதி வழியில் ஒருவன் கால் இடறிப் பெட்டியைப் போட்டுவிட்டான். சிரிப்பு அடங்கியதும் ஆசிரியை, கினசினும் நூறு அடி போல நடந்ததும் தடத்தைவிட்டு விலகிவிடும், சரக்கில் கூட இருக்கும் மற்ற கினசின்கள்தான் பிடித்துக்கொள்ளும் என்றார். அன்றைக்கு எனக்கு நன்றாகப் புரிந்த இடம் அதுதான். உடைந்த பெட்டிக்கு மன்றமே பணம் கொடுத்தது.

மூட்டு வீக்கத்துக்கு கோல்சிசின் மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவர், அது நம் செங்காந்தள் கிழங்கிலும் இருக்கும் மருந்து, நுண்குழல் கட்டப்படுவதையே தடுக்கும் என்று கேட்டு வாயடைத்துப் போனார். கிழங்கு கடும் விஷம், யாரும் தொடவேண்டாம் என்றும் அங்கேயே சொல்லப்பட்டது.

மற்ற கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பழுதுபார்க்கக் கொடுத்த ஒலிபெருக்கி இன்னும் வந்தபாடில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் டீ வருவதற்குள் அவரைப் பார்த்துவிடவும்.