வின்கிரிஸ்டின் சிரிஞ்சில் வரக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தப் புற்றுநோய் சிகிச்சை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால், அதனுடன் அச்சான படத்தில் வின்கிரிஸ்டின் மருந்து சிரிஞ்சில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தை மாற்றும்படி கேட்டுக்கொள்கிறோம். ரத்தக்குழாயில் மட்டுமே போட வேண்டிய இந்த மருந்தைச் சிரிஞ்சில் தயாரிக்கும் பழக்கம்தான், அது தவறுதலாக முதுகு வழியாகத் தண்டுவட நீரில் போடப்பட வழிவிட்டு, பல நோயாளிகளின் உயிரைப் பறித்திருக்கிறது.

நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின் 1963 முதல் புழக்கத்தில் உள்ளது. லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் பல வகை லிம்போமாக்களுக்கும் (நிணநீர்ப் புற்றுநோய்கள்) உரிய பல சிகிச்சைத் திட்டங்களில் இன்றும் இது முக்கியமான மருந்து. செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழாய்கள் உருவாகாமல் இது தடுக்கிறது. நரம்புச் செல்களும் அதே நுண்குழாய்களை நம்பித்தான் வாழ்கின்றன. ரத்தக்குழாய் வழியாகப் போகும்போது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மிகச் சிறிதளவே எட்டுவதால் நோயாளி தப்பிக்கிறார். தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்திவிட்டால் தடுப்பே இல்லை. முதுகுவலியும் கால் பலவீனமும் தொடங்கி, வாதம் படிப்படியாக மேலேறும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும், நினைவு தப்பும். பிழைத்தவர்கள் வெகு சிலர், அவர்களுக்கும் கடுமையான ஊனம் மிஞ்சியது. இப்படிப்பட்ட சம்பவங்கள் 1968 முதலே மருத்துவ ஏடுகளில் பதிவாகிவருகின்றன.

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. லுக்கீமியா நோயாளிக்குப் பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு ஊசிகள் இருக்கும். மெத்தோட்ரெக்சேட் அல்லது சைட்டராபின் என்ற வேறு புற்றுநோய் மருந்து முதுகு வழியாகத் தண்டுவட நீரில், வின்கிரிஸ்டின் கையில். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் என்பதால் வின்கிரிஸ்டினின் முழு அளவே 2 மில்லிலிட்டருக்குள் அடங்கிவிடும். இரண்டும் சிறிய சிரிஞ்சுகள். வழக்கமான சிரிஞ்சின் முனை முதுகு ஊசியிலும் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டையும் ஒரே தட்டில் அனுப்பி, விடுமுறை நாளில், இந்தச் சிகிச்சையில் பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுத்தால் போதும். லேபிள் ஒட்டியிருந்தும், இரண்டு பேர் சரிபார்த்தும் தவறு நடந்திருக்கிறது. எனவே, கவனமாக இருங்கள் என்ற அறிவுரை போதாது. தவறவே முடியாதபடி மருந்தின் வடிவத்தை மாற்ற வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் விடுத்த எச்சரிக்கை இதைத்தான் சொல்கிறது: வின்கிரிஸ்டினைச் சிறிய சலைன் பையில் கலந்து கொடுங்கள். பெரியவர்களுக்கு 50 மில்லிலிட்டர் பை. அதைத் தூக்கி மாட்டி, பம்ப் இல்லாமல், 5 முதல் 10 நிமிடத்தில் இறக்கிவிடலாம். 50 மில்லிலிட்டர் பையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அதை முதுகு ஊசியில் மாட்ட முனைய மாட்டார்கள். லேபிளில் 'ரத்தக்குழாய் வழியாக மட்டும். வேறு வழியில் செலுத்தினால் உயிர் போகும்' என்று இருக்க வேண்டும். 'முதுகில் போடாதே' என்று எழுதுவது ஆபத்து. அவசரத்தில் படிப்பவர் கண்ணில் 'முதுகில்' மட்டும் படும். ஒரு மருந்து செலுத்தி முடிந்த பிறகே மற்றது மருந்தகத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

பையில் கொடுத்தால் மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்து தசையைப் புண்ணாக்கும் என்பது செவிலியர்கள் சொல்லும் எதிர்வாதம். நியாயமான அச்சம்தான். ஆனால், அந்த 10 நிமிடமும் அருகிலேயே நின்று, தொடங்கும் முன் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தால் இதைச் சமாளிக்கலாம். கசிந்தால் உடனே நிறுத்தி, ஊசியை எடுக்காமல் முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்க வேண்டும். கசிந்த மருந்தைப் பரவச் செய்யும் ஹயலுரோனிடேஸ் ஊசி இருந்தால் போடலாம். ஐஸ் வைக்கவே கூடாது. டாக்சோரூபிசின் என்ற மற்றொரு புற்றுநோய் மருந்து கசிந்தால் ஐஸ் வைத்துப் பழகிய கை இங்கும் அதையே செய்துவிடுகிறது. வின்கிரிஸ்டினில் குளிர் புண்ணை மோசமாக்கும். கையில் வரும் புண்ணுக்கு வைத்தியம் உண்டு, தண்டுவடத்தில் போன மருந்துக்கு ஏறத்தாழ இல்லை. அப்படி நடந்துவிட்டது தெரிந்தால், முதுகு ஊசி உள்ளே இருந்தால் எடுக்காமல், அந்த நிமிடமே தண்டுவட நீரை வெளியேற்றத் தொடங்கி நரம்பு அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும்.

அளவைப் பற்றியும் கட்டுரையில் ஒரு குறை. பெரியவர்களுக்கு உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்பது சரி. ஆனால் உச்ச வரம்பு விடுபட்டிருக்கிறது: 1.7 சதுர மீட்டர் உள்ளவருக்குக் கணக்கு 2.38 என்று வந்தாலும் பெரும்பாலான திட்டங்களில் 2 மில்லிகிராமோடு நிறுத்துவார்கள். கல்லீரலின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான நேரடி பிலிருபின் டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் பாதியாகக் குறைப்பார்கள், ஏனெனில் இம்மருந்தைக் கழிப்பது கல்லீரல்தான்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: இட்ரகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் வின்கிரிஸ்டின் கழிவதைத் தடுத்து நரம்புப் பாதிப்பைப் பெருக்கும். எனவே, வேறு மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தொடங்கும் முன் புற்றுநோய்ப் பிரிவில் காட்டுங்கள். மலச்சிக்கல் வந்தபின் பார்க்கலாம் என்று இருக்காமல் முதல் ஊசியிலிருந்தே மலமிளக்கி கேளுங்கள்; குடல் முற்றிலும் நின்றுபோவதும் உண்டு. தாடை வலி, விரல் மரப்பு, நடக்கும்போது பாதம் தொங்குவது ஆகியவற்றை அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பரம்பரையாகக் கால் நரம்பு நோய் உள்ள குடும்பம் என்றால் முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட பரம்பரை நரம்பு நோயான சார்கோ-மேரி-டூத் உள்ளவர்களுக்கு இந்த மருந்தே கூடாது.

இப்படிக்கு,
புற்றுநோய் மருந்துத் தயாரிப்புப் பிரிவு மருந்தாளுநர்கள்