மலர்விழியின் புது வேலை பற்றி

அடையாறு, சென்னை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மலர்விழிக்கு மாசுபட்ட நிலங்களைச் சீர்செய்யும் வேலை என்றதும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நஞ்சை எப்படிக் கட்டிப்போடுவது, மருந்து எவ்வளவு போடுவது, சாம்பிள் எப்படி எடுப்பது, எப்போது அளப்பது என்று அவள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன், காட்டிவிடு.

ராணிப்பேட்டையில் 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்ததே, பாடம் அங்கேயே இருக்கிறது. குரோமியம் ஆறு, அதாவது +6 ஆக்ஸிஜனேற்ற நிலையிலுள்ள விஷ வடிவம், தண்ணீரில் கரைந்து மஞ்சளாக ஓடும். அதையே +3 நிலைக்கு, மூன்றாக இறக்கிவிட்டால் மண்ணோடு படிந்துவிடும். யுரேனியமும் அப்படித்தான்: +6 நிலையில் கரையும், +4 நிலையில் படியும். ஆனால் கதிரியக்கத்தை எந்த ரசாயனமும் அழிக்காது, நகராமல் கட்டிப்போடத்தான் முடியும். கதிரியக்கச் சீசியம் 137-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 30 வருஷம். இலைட் களிமண் அதை இறுக்கிப் பிடிக்கும், அம்மோனியம் மிகுந்த சாக்கடை நீர் பட்டால் பிடி தளரும்.

1 கிராம் குரோமியம் ஆறை இறக்க இரும்பு உப்பான ஃபெரஸ் சல்ஃபேட் படிகம் 16 கிராம் வேண்டும். இது தாள் கணக்கு. களத்தில் கரைந்த ஆக்ஸிஜனும் பங்கு கேட்கும், கூடுதலாகவே போட வேண்டும். குரோமேட் கழிவின் பி.எச். (அமில, கார அளவு) 11, 12 என்று கடும் காரமாக நிற்கும். அங்கே இரும்பு, குரோமியத்தை எட்டும் முன்பே படிந்து, மருந்தை நிலத்துக்குள் செலுத்தும் ஊசிக்கிணற்றை அடைத்துவிடும். சல்ஃபேட்டோ எட்ரிங்கைட் என்ற வீங்கும் படிகமாகி நிலத்தையே உப்ப வைக்கும். அந்த மாதிரி இடத்தில் நான், குரோமியத்தை இறக்கும் இன்னொரு மருந்தான கால்சியம் பாலிசல்ஃபைடுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

சாம்பிள் எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மொத்த உலோகத்துக்கென்று நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் குரோமியம் ஆறு சாம்பிளைப் பிடித்தால், தண்ணீரிலுள்ள கரிமப்பொருள் அதை மூன்றாக்கிவிடும். விஷத் தண்ணீர் ரிப்போர்ட்டில் சுத்தமாகிவிடும்! கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டி, அமிலம் விடாமல், 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்கச் சொல்.

நஞ்சு கலந்த நிலத்தடி நீரை இறைக்கும் பம்பை நிறுத்திய வாரம் வரும் எண்ணை நம்பவே கூடாது. களிமண்ணுக்குள் ஊறியது மாதக்கணக்கில் கசிந்து வரும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறி, மேலே காய்ந்து கிடந்த நஞ்சையும் கரைத்துவிடும். புரட்டாசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவையாவது அளக்க வேண்டும். குடிநீரில் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான்.

பி.எச். மீட்டரைச் சரிபார்க்க 4, 7, 10 பஃபர்களோடு (பி.எச். தெரிந்த திரவங்கள்) 12.45-ம் வாங்கிக்கொள்ளட்டும். கிணறு தோண்டிய மண் பதிவு இருந்தால் எனக்கு அனுப்பச் சொல், அடுக்கு அடுக்காகப் பார்த்து எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரங்கன்