ஒரே தடவை கேளுங்க: எங்க கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், ஆபிஸ்ல டேட்டா பாக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நேத்து சாயங்காலம் 4.40க்கு மறுபடி ஒரு மெயில். அர்ஜென்ட், நாளைக்கு காலைல 11 மணிக்குள்ள அனுப்பணும்னு போட்டு, உள்ள ஒரு எக்ஸெல் ஷீட், 38 கட்டம். பேரு, பிறந்த தேதி, ஆதார், பேங்க் அக்கவுண்ட், சாதி, அப்பா வருமானம், எல்லாம். என் கிளாஸ்ல 62 பேர். இதே பசங்ககிட்ட இதே விவரத்தை நான் இந்த வருஷத்துல கேக்குறது இது 5வது தடவை. "மேம், போன மாசம்தானே குடுத்தோம்"னு ஒரு பையன் கேட்டான், அவனுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நான் இதை எழுத காரணம் என் கிளாஸ்ல இருக்குற ஒரு பொண்ணு. அம்மா சித்தாள் வேலைக்கு போறாங்க, வீட்ல முதல்ல காலேஜ் படிக்கிறது இவதான். கல்லூரி டிரஸ்ட் குடுக்குற உதவித்தொகை 6,000 ரூபாய்க்கு இவ பேரும் லிஸ்ட்ல வந்துச்சு, ஆனா பணம் வரல. ஆபிஸ்ல கேட்டா அக்கவுண்ட் நம்பர் தப்பு, பணம் திரும்பி வந்துடுச்சு, ஸ்டூடண்ட் ஒழுங்கா ஃபில் பண்ணலன்னு சொன்னாங்க. அவ பாஸ்புக்கை எடுத்துட்டு வந்து டிபார்ட்மெண்ட் வாசல்ல நின்னா. பிளாஸ்டிக் கவர் போட்டு பத்திரமா வச்சிருக்கா. நான் ஷீட்டை திறந்து ஒவ்வொரு நம்பரா படிக்க படிக்க அவ விரல் வச்சு சரி பாத்துட்டே வந்தா, 15 நம்பர் வரைக்கும் சரியா இருந்துச்சு, கடைசி 16வது நம்பர் பாஸ்புக்ல 7, ஷீட்ல 0.

அந்த பொண்ணு தப்பா அடிக்கல. எக்ஸெல்ல ஒரு கட்டத்தை டெக்ஸ்ட்னு மாத்தி வைக்காம விட்டா அது அதை கணக்கு போடுற எண்ணுன்னு எடுத்துக்கும், 15 இலக்கத்துக்கு மேல போனா மிச்சத்தை 0 ஆக்கிடும். பாக்கும்போது நம்பர்கூட தெரியாது, 1.23E+15 மாதிரி சுருக்கமா நிக்கும், அதனால கடைசி நம்பர் போனதே கண்ணுக்கு தெரியாது. முன்னாடி 0 வர்ற அக்கவுண்டா இருந்தா அந்த 0வும் காணாம போகும். ஃபார்ம் அனுப்பினவங்க அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஒரு கட்டத்தை டெக்ஸ்ட்னு மாத்தியிருந்தா போதும், அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷம் இல்லாததுக்கு ஒரு பொண்ணு ரெண்டு மாசமா "ஒழுங்கா ஃபில் பண்ணாதவ"ன்னு பேர் வாங்கிட்டு நிக்குறா. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், கோவமும்தான்.

தேதியும் இப்படித்தான். கம்ப்யூட்டர் அமெரிக்க முறைல செட் ஆகியிருந்தா ஏப்ரல் 3ன்னு நினைச்சு 03/04/2005ன்னு அடிச்சது மார்ச் 4 ஆயிடும், 12க்கு மேல தேதி உள்ளவங்க தப்பிப்பாங்க, அதனால ஒரே ஷீட்ல பல பேருக்கு பிறந்த நாள் மாறிடும். இது நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்ல. MARCH1 மாதிரி இருந்த பேரை எக்ஸெல் தேதின்னு நினைச்சு மாத்திடுதுன்னு 2020ல மனுஷ ஜீன்கள் சிலதோட பேரையே விஞ்ஞானிங்க மாத்தினாங்க. அதே வருஷம் இங்கிலாந்துல பழைய எக்ஸெல் ஃபைல்ல வரிசை பத்தாம 16,000 பேர் பக்கம் கொரோனா கணக்குல விடுபட்டாங்க.

அப்புறம் அந்த லாஸ்ட் நேம் கட்டம். கட்டாயம்னு சிவப்புல போட்டிருக்கீங்க. நம்ம பசங்களுக்கு ஏது லாஸ்ட் நேம்? ஒருத்தன் இனிஷியல் போடுறான், ஒருத்தி அப்பா பேரை முழுசா போடுறா, ஒருத்தன் வெறும் புள்ளி வச்சு அனுப்புறான். அடுத்த வாரம் ஆதார்ல இருக்குற பேரோட ஒத்து வரலன்னு திருப்பி எனக்கே மெயில் வரும். தமிழ்நாட்டுல இருக்குற காலேஜ் தமிழ்ப் பிள்ளைங்களுக்கு அனுப்புற ஃபார்ம்ல "முழுப்பேர், இனிஷியலோட, ஆதார்ல உள்ளபடி"ன்னு ஒரே கட்டம் போட்டா என்ன குறைஞ்சிடும்?

காலேஜுக்கு கிரேடு போடுற நாக் (NAAC) கேக்குது, ரேங்க் போடுற என்ஐஆர்எஃப் (NIRF) கேக்குது, உயர்கல்வி கணக்கெடுப்பு ஆய்ஷே (AISHE) கேக்குதுன்னு சொல்வீங்க. தெரியும். ஆய்ஷே 2010-11ல இருந்து நடக்குது, என்ஐஆர்எஃப் முதல் ரேங்க் 2016ல வந்துச்சு, புதுசா எதுவும் இல்ல. அவங்க கேக்குறதுல பெரும்பாலும் எண்ணிக்கைதான். அதுக்கு 62 பேர் ஆதாரும் எதுக்கு மெயில்ல சுத்தணும்? போன தடவை ஒருத்தர் ரிப்ளை ஆல் அடிச்சு மொத்த கிளாஸோட ஆதார், சாதி, வருமானம் எல்லாம் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் போச்சு, யாரும் ஒரு வார்த்தை பேசல. 2023ல தனிநபர் தரவு பாதுகாப்புக்குன்னு சட்டமே வந்தாச்சு, தேவைக்கு மேல வாங்காதேன்னுதான் அதுவும் சொல்லுது. கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார்கூட இருக்கு, எங்க அது போதுமோ அங்க அதையே வாங்கலாம்.

நாங்க வேலை செய்ய மாட்டோம்னு சொல்லல. ஒரே தடவை கேளுங்க. ஜூன் மாசம் அட்மிஷன் அப்பவே, போன்ல திறக்குற மாதிரி ஒரு லிங்க் குடுங்க, நம்பரை ரெண்டு தடவை அடிக்க வைங்க, ரெண்டும் ஒத்து வரலன்னா வாங்காத மாதிரி வைங்க, அடிச்சது என்னன்னு பசங்களே திரும்ப பாத்து திருத்த ஒரு வாரம் விடுங்க. அப்புறம் எந்த கமிட்டிக்கு எது வேணும்னாலும் அங்க இருந்து எடுத்துக்கோங்க. மெயில்ல ஷீட் அனுப்பி 62 பேர் 62 விதமா அனுப்பி அதை நான் ராத்திரி 12 மணி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்குற இந்த முறையை தயவு செஞ்சு நிறுத்துங்க. ஒரே தடவை கேளுங்க, ஒழுங்கா கேளுங்க.

நேத்து கேட்ட ஷீட்டை அனுப்பிட்டேன், 11 மணிக்கு முன்னாடியே. அந்த பொண்ணோட சரியான அக்கவுண்ட் நம்பரை பாஸ்புக் ஜெராக்ஸோட லெட்டரா எழுதி ஆபிஸ்ல குடுத்திருக்கேன். அவளோட 6,000 ரூபாயை இந்த வாரத்துக்குள்ள போட்டுக் குடுத்தா ரொம்ப நன்றியா இருக்கும், செமஸ்டர் ஃபீஸ் கட்ட கடைசி தேதி அடுத்த திங்கக்கிழமை.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு கிளாஸ் இன்சார்ஜ் ஒருத்தி